ஒரு வத்தல் வியாபாரி ஆல்புகெர்க்கி போன கதை

மகள் வீட்டில் போய் இறங்கிய நான்காம் நாள். பால் வாங்க வேண்டும் என்று பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள். கார் கதவைத் திறந்ததும் மிளகாய் நெடி. விருதுநகரில் 38 வருஷம் மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்தியவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த நெடியைச் சொல்லிவிடுவேன். ஆனால் இது வத்தல் நெடி இல்லை. பச்சைக் காயைத் தீயில் வாட்டுகிற வாசம், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புகையுமாக. பாலை மறந்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் கம்பிவலையால் செய்த ஒரு பெரிய பீப்பாய். அடியில் கேஸ் அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் மூட்டையை அப்படியே உள்ளே கொட்டிச் சுற்றிவிட, காயின் தோல் கருகிச் சருகாகப் பறந்தது. சில நிமிஷத்தில் ஒரு மூட்டை முடிந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று, சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப் போகிறார்கள். பைக்குள் அந்த ஆவியிலேயே தோல் கழன்றுவிடுமாம். வீட்டில் உரித்து, சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டால் அடுத்த சீசன் வரை ஓடும். நம் வீடுகளில் வருஷத்துக்கும் சேர்த்துப் புளி வாங்கி அடைத்து வைப்பார்களே, அந்த மாதிரி.

வாட்டாத காய் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஜாண் நீளம். நல்ல சதை. பழக்க தோஷத்தில் காம்பைத் திருகி, ஒடித்து, விதையைப் பார்த்து முகர்ந்தேன். பெரியவர் பீப்பாயை நிறுத்திவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார். "அப்பா, நீங்களும் மிளகாய்க்காரரான்னு கேக்கறார்." ஆமாம் என்று தலையாட்டினேன். வாட்டிய காய் ஒன்றை உரித்து என் கையில் வைத்தார். காரம் நம் சம்பா மிளகாயில் பாதிகூட இல்லை, ஆனால் ருசி இருந்தது. 'கறிக்கு ஆகும், வத்தலுக்கு ஆகாது. இவ்வளவு சதையைக் காயப்போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்' என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பு தப்பு என்று தெரிய பத்து நாள் ஆனது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆல்புகெர்க்கி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பெரிய நகரம். கிழக்கே சாண்டியா மலை, மேற்கே அணைந்துபோன எரிமலைகள், நடுவில் ரியோ கிராண்டே ஆறு. ஊர் இருக்கும் உயரம் சுமார் 5,300 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்காட்டின் பச்சை எதுவும் இங்கே கிடையாது. வருஷம் முழுவதும் பெய்யும் மழை 9 அங்குலம் ஒட்டித்தான். உயர்ந்த பாலைவனம். மெட்ராஸிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் போட்டு, "பாலைவனத்துல போய் அப்படி என்ன அண்ணாச்சி பாக்கப்போறீங்க, நயாகராவுக்குப் போகலையா?" என்றார். பொட்டலில் பிறந்து பொட்டலில் வியாபாரம் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

வந்த முதல் வாரம் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. காற்றில் ஈரமே இல்லாததால் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஆவது உண்டாம். தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து இறக்கக் கூடாது, தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது இங்கே முதல் பாடம். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் பருப்பு வேக நேரமாகிறது. என் மனைவி குக்கருக்கு இரண்டு விசில் கூட்டிவிட்டாள். ஆனால் அவள்தான் இந்த ஊரின் அருமையை முதலில் கண்டுபிடித்தவள். பின்கட்டு வராந்தாவில் துணி விரித்துக் கூழ் வடகம் பிழிந்தாள். காலையில் பிழிந்தது சாயந்தரம் கலகலவென்று உதிர்ந்தது. எறும்பு இல்லை, காக்காய் வரவில்லை, ராத்திரிப் பனி இல்லை. "ஊர்ல மூணு நாள் காவல் இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதற்கப்புறம் வீட்டில் அரிசி மாவு தங்கவே இல்லை.

பத்து நாள் கழித்துப் பழைய நகரம் பார்க்கப் போனோம். ஓல்டு டவுன் என்பார்கள். 1706இல் ஸ்பானியர்கள் உண்டாக்கிய ஊர். நடுவில் ஒரு சதுக்கம், 1793இல் கட்டிய சான் பெலிப்பே தேவாலயம், சுற்றிலும் மண் சுவர் கட்டடங்கள். மண்ணும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் காயவைத்த செங்கல். நம் பக்கத்துப் பழைய மண் வீடுகளின் அதே குளிர்ச்சி உள்ளே. தாழ்வாரத்தில் துணி விரித்துப் பூர்வகுடிப் பெண்கள் வெள்ளி நகை விற்கிறார்கள். கடைகளில் பாதி, சுற்றுலாக்காரர் பணத்தைக் கறக்கும் கடைகள்தான். ஒரு சுற்று சுற்றினால் போதும்.

ஆனால் வாசல் தூண் ஒவ்வொன்றிலும் தொங்கியது என்ன என்கிறீர்கள்? மிளகாய்ச் சரம். ரிஸ்ட்ரா என்று பெயர். ஆளுயரத்துக்குக் கட்டிய, ரத்தச் சிவப்பில் காய்ந்த சரங்கள். கிட்டப் போய்க் காம்பைப் பார்த்தேன். அதே காய்! பச்சையில் வாட்டித் தின்கிறார்களே, அதையே செடியில் பழுக்க விட்டுச் சரம் கட்டித் தொங்கவிட்டால் வத்தல். களம் வேண்டாம், புரட்டிப்போட ஆள் வேண்டாம். காற்றே காயவைத்துவிடுகிறது. நம் ஊரில் ஒரு மழை பெய்தால் களத்தில் கிடக்கும் வத்தல் கறுத்து, பாதி விலைக்குப் போகும். எத்தனை சம்சாரி என் கடைத் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் பாட்டுக்கு அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் தூணைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துப் பேரன், "தாத்தா, போட்டோ எடுக்கணுமா?" என்றான்.

இந்த நீளக் காய்க்கு ஒரு தகப்பனும் உண்டு. பாபியன் கார்சியா என்ற தோட்டக்கலை நிபுணர். இந்த மாநிலத்து விவசாயக் கல்லூரியில் பல வருஷம் ரகங்களைக் கலந்து பார்த்து, 1921இல் 'நியூ மெக்சிகோ 9' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைக்கு இங்கே விளையும் நீள ரகங்களுக்கு அதுதான் மூதாதை. தெற்கே ஹேட்ச் என்ற சின்ன ஊர்ச் சரக்குக்குத்தான் மவுசு. ராமநாதபுரம் முண்டு என்றால் நம்மவர்கள் தனி மரியாதை கொடுப்பதுபோல. எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள். மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியே அதுதானாம். இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். 2023இல் பச்சை மிளகாய் வாட்டும் வாசத்தை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாசமாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறார்கள். விருதுநகருக்கு யாராவது இப்படி ஒரு சட்டம் போட்டால் முதல் கையெழுத்து நான்தான்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒன்று. பள்ளிக்கூடச் சரித்திரத்தில் கோவாவைப் பிடித்த போர்ச்சுக்கீசிய அல்புகர்க் என்று படித்தோமே, அவர் பெயரோ என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். இல்லையாம். அந்தக் காலத்தில் மெக்சிகோவை ஆண்ட ஸ்பானிய ராஜப்பிரதிநிதி, ஆல்புர்கெர்கே பிரபு, அவர் நினைவாக வைத்தது. நடுவில் ஒரு 'ர்' உதிர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு பேருடைய பெயருக்கும் மூலம், ஸ்பெயினில் போர்ச்சுக்கல் எல்லையோரம் இருக்கும் ஒரே ஊர்தான். மிளகாய் பிறந்தது இந்த அமெரிக்கக் கண்டங்களில். அதை நம் பக்கம் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். நான் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த சரக்கு, இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது!

சாண்டியா மலைக்கு ரோப் கார் இருக்கிறது. 1966இல் ஓட ஆரம்பித்தது, 2.7 மைல் தூரம், இடையில் இரண்டே இரண்டு கோபுரம், பதினைந்து நிமிஷத்தில் 10,378 அடி உயரத்தில் இறக்கிவிடுகிறார்கள். பழனி விஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு போகிற என் மனைவி, இதில் முருகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டே ஏறினாள். கீழே அரைக்கைச் சட்டை போதும் என்றிருந்தது, மேலே ஸ்வெட்டருக்கு அடங்காத குளிர். சாயந்தரம் போவதுதான் சரி. சாண்டியா என்றால் ஸ்பானிஷில் தர்ப்பூசணி. மேற்கே சூரியன் இறங்கும்போது மலை முழுவதும் அறுத்த பழம் மாதிரி சிவக்கிறது. அந்த மலைக்குக் கருங்கல் உடம்பு, வயது சுமார் 140 கோடி ஆண்டு. உச்சியில் மட்டும் சுண்ணாம்புப் பாறைத் தொப்பி. அதில் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிர்களின் அச்சுகள் கிடக்கின்றன. கடல் கண்ணுக்கெட்டாத ஊரில், பத்தாயிரம் அடி உயரத்தில், சிப்பி! நான் குனிந்து தேடிக்கொண்டிருந்ததில் சூரியன் இறங்குவதைப் பாதிதான் பார்த்தேன்.

அடுத்து பலூன். ஊர் உலகமெல்லாம் இந்த ஊரைத் தெரிந்து வைத்திருப்பது இதற்காகத்தான். அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி ஒன்பது நாள் திருவிழா. 1972இல் ஒரு கடைவளாகத்து வாகன நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு ஆரம்பித்தது, இப்போது ஐந்நூறுக்கு மேல்.

முதல் நாள் ஏமாந்தோம். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டு, பேரனைப் போர்வையோடு தூக்கிப் போய் நின்றால், காற்று சரியில்லை என்று ஒன்றையும் பறக்கவிடவில்லை. குளிரில் பல் அடித்ததுதான் மிச்சம். இங்கே வருகிறவர்கள் ஒரே ஒரு நாள் கணக்கு வைத்து வரவே கூடாது. இரண்டு மூன்று விடிகாலை கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மறுபடி போனோம். இருட்டில் முதலில் நாலைந்து பலூன்கள் விளக்குப்போல் எரிந்துகொண்டு மேலே போயின. காற்று எப்படி என்று பார்த்துச் சொல்லும் முன்னோடிகள் அவை. கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. பலூன்களுக்கு நடுவிலேயே நடக்கலாம். புல் தரையில் சீலை மாதிரி விரித்துப் போட்டு, பெரிய மின்விசிறியால் காற்றடைத்து, அப்புறம் நெருப்பை ஊதுகிறார்கள். கிடந்த துணி நெளிந்து, உப்பி, நம் தலைக்கு மேல் எழுந்து நிற்கிறது. வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டவர்கள் விசிலடித்து ஒவ்வொன்றாக வழியனுப்புகிறார்கள். விசில் ஊதியதும் கூட்டம் கைதட்டுகிறது. மேல் நோக்கிப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. பேரன் பலூன்காரர்கள் தரும் படம் போட்ட சீட்டுகளைச் சேர்ப்பதில் இருந்தான். பதினேழு சேர்த்தான் என்று ஞாபகம்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது, காற்று இழுத்த பக்கம்தான் போக வேண்டும். அப்புறம் எப்படி சில பலூன்கள் போன வழியே திரும்பி வருகின்றன? மகள் விளக்கினாள். குளிர்காலம் தொடங்கும் இந்த நாட்களில், ராத்திரி குளிர்ந்த கனமான காற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து தெற்கே தண்ணீர் மாதிரி வழிந்து போகுமாம். அதற்கு மேல் தட்டில் வீசும் காற்று தெற்கிலிருந்து வடக்கே போகும். தாழப் பறந்தால் தெற்கே போகலாம், கொஞ்சம் ஏறினால் வடக்கே திரும்பலாம், இறங்கினால் கிளம்பிய இடம். இதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் பெட்டி உடைந்துவிடும், அதனால்தான் இந்த விடிகாலைத் தவம். களத்தில் தூற்றுகிறவன் காற்று பார்த்து இடம் மாறி நிற்பதைப் பார்த்தவனுக்கு இது லேசாகப் புரிந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பினால் தெருமுனை மைதானத்தில் ஒரு பலூன் இறங்கிக் கிடக்கிறது. மடித்துச் சுருட்ட ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்து காற்றை அமுக்கி வெளியேற்றினேன். சாக்கு மூட்டை கட்டிய கை, சோடை போகவில்லை.

பலூன் அருங்காட்சியகமும் இருக்கிறது. 1978இல் பலூனில் அட்லாண்டிக் கடலை முதன்முதலாகக் கடந்த மூவரும் இந்த ஊர்க்காரர்கள். அதில் பென் அப்ருஸோ என்பவர்தான் அந்த ரோப் காரைக் கட்டிய இருவரில் ஒருவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஏறி இறங்கியது போதும் என்று கம்பியை விட்டுவிட்டார் போல.

எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மேற்குப் பக்கத்துப் பாறைச் சரிவுதான். பெட்ரோகிளிப் தேசிய நினைவிடம். எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த விளிம்பு 17 மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. கறுப்புப் பாறைகள் அதிலிருந்து உருண்டு சிதறியிருக்கின்றன. அந்தக் கறுப்பு மேல்தோல் மட்டுமே. கல்லால் கொத்தினால் உள்ளே வெளிர் நிறம் தெரியும். அப்படிக் கொத்திய சித்திரங்கள் சுமார் 24,000. பெரும்பாலானவை 400 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் பூவெப்லோ என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் கொத்தியவை. கை, பாம்பு, முகமூடி, நட்சத்திரம். நடுநடுவே பின்னால் வந்த ஸ்பானியர்களின் சிலுவையும் ஆட்டு மந்தை அடையாளங்களும்.

போகா நெக்ரா என்ற பகுதியில் ஒரு கல்லில் கிளி இருக்கிறது. சாதாரணக் கிளி இல்லை, பஞ்சவர்ணக்கிளி. இந்த வறண்ட பூமியில் அது கிடையாது. தெற்கே மெக்சிகோ காடுகளிலிருந்து வியாபாரத்தில் வந்த பறவை. இறகுக்காக அவ்வளவு தூரம் உயிரோடு சுமந்து வந்திருக்கிறார்கள். வழியில் எத்தனை கை மாறியதோ, யாருக்கு எவ்வளவு கமிஷனோ! அந்தக் கல் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன்.

பூவெப்லோ மக்களுக்கு இது இன்றும் புனிதமான இடம். தொடக்கூடாது, கை எண்ணெய் பட்டால் கெட்டுவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஜனங்களும் தொடுவதில்லை. மதுரைப் பக்கம் சமணர் மலையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரம் வருஷத்துப் பாறையில் அம்பு விட்ட இதயம் வரைந்து பெயர் எழுதுகிற மன்மதர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள். இங்கே காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். பாறை சூடானால் நிற்க முடியாது. பாம்பு உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு அணு அருங்காட்சியகம் பிடிக்கும். முதல் அணுகுண்டைச் சோதித்தது இதே மாநிலத்துப் பாலைவனத்தில்தான், 1945 ஜூலை 16. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போட்ட குண்டுகளின் மாதிரி வடிவங்கள் வைத்திருக்கிறார்கள். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். கருமருந்து ஒரு மத்தியானத்தில் ஒரு தெருவை என்ன செய்யும் என்று பார்த்தவன். அரை மணியில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, "சாரி மாமா" என்றார்.

சென்ட்ரல் அவென்யூ என்ற தெரு, பழைய ரூட் 66 நெடுஞ்சாலை. நியான் விளக்குப் பலகைகள் அழகு, 1927இல் கட்டிய கீமோ தியேட்டரை உள்ளே போய்ப் பார்க்கலாம். மைக்ரோசாப்ட் 1975இல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று ஒரு இடத்தைக் காட்டினார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்த வீடுகளைக் காட்ட வண்டி ஓடுகிறது, நான் போகவில்லை.

கடைசி வாரங்களில் தினமும் நடந்தது வாய்க்கால் கரையில். அசேக்கியா என்பார்கள். ஸ்பானியர்கள் கொண்டுவந்த முறை, சொல் அரபியிலிருந்து வந்தது. ஆற்றிலிருந்து தண்ணீரை வெட்டி வயலுக்குக் கொண்டுபோகும் மண் வாய்க்கால்கள். அந்தக் காலத்தில் வசந்தம் தொடங்குமுன் வாய்க்காலில் பங்குள்ளவர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் திறக்க மயோர்தோமோ என்று ஒருவர். வடக்கே மலையூர்களில் இப்போதும் அப்படியே நடக்கிறதாம். அவர்தான் நம் கண்மாயின் நீர்பாய்ச்சி, அந்தத் தூர்வாரல்தான் நம் குடிமராமத்து. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். தண்ணீர் குறைந்த ஊர்க்காரர்கள் யோசித்தால் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் போலிருக்கிறது.

ஆற்றங்கரையில் காட்டன்வுட் மரங்கள். அக்டோபர் கடைசியில் மொத்தமும் மஞ்சளாகிவிடுகிறது, மஞ்சள் மண்டியில் மூட்டை அவிழ்த்த மாதிரி. அந்த நாட்களில்தான் சாண்ட்ஹில் கிரேன் என்ற பெரிய கொக்குகள் வடக்கிலிருந்து வந்து இறங்கும். ஆளைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் குரல் கேட்கும், மரக்கதவு கிறீச்சிடுவதுபோல. ஆறு பெரிதாக ஓடவில்லை. 2022 கோடையில் ஊருக்குள்ளேயே வறண்டதாம், நாற்பது வருஷத்தில் முதல் தடவை என்று வாய்க்கால் கரையில் நாயோடு நடக்கும் ஒரு அம்மாள் சொன்னார். வைகையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் நடுவில் ஊர் திரும்பினேன். சிவப்பு மிளகாய்த்தூள் பாக்கெட் இரண்டு வாங்கி வந்திருந்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். இப்போது தம்பி மகன் பார்க்கிறான். வழக்கமாக வரும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தில் கொட்டி வைத்தேன். ஒருவர் விரலில் தேய்த்தார், ஒருவர் நாக்கில் வைத்தார்.

"நிறம் பரவாயில்ல. காரம் சுத்தமா இல்லையே அண்ணாச்சி. கிலோ என்ன விலை?"

டாலரைப் பெருக்கி ரூபாயில் சொன்னேன். உள்ளங்கையில் வைத்திருந்ததை அவர் மறுபடி பாக்கெட்டுக்குள்ளேயே கொட்டிவிட்டு, கையைத் தட்டினார்.